கம்பளி: கல்முனைப் புடவைக்கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் முப்பத்திரண்டு பாகையில் நிற்கிற ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். புடவைக்கடை மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தால் தெரியும். கனடாவுக்கு விசா வந்த பிள்ளைக்கு, நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும் வகுப்புக்கு, சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களுக்கு, மார்கழி மழையில் மூட்டு நோகிற அம்மம்மாவுக்கு என்று வருடம் முழுக்க யாராவது வந்து “கம்பளி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேட்ட பிறகு இன்னும் நாலு கேள்வி வரும். ஒரே பதிலை நூறு தரம் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தது இது.

கடையில் கம்பளி என்று விற்கிறீர்களே, அது உண்மையில் ஆட்டில் இருந்து வந்ததா?

பெரும்பாலும் இல்லை. என் கடையிலும் இல்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் ‘கம்பளி’ என்ற பெயரில் தொங்கும் சுவெட்டர், மப்ளர், குரங்குத் தொப்பி எல்லாம் அனேகமாக அக்ரிலிக். பெற்றோலியத்தில் இருந்து வரும் இழை அது. 1950களில் சந்தைக்கு வந்து, கம்பளியின் தோற்றத்தையும் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் ‘வூல் பந்து’வும் அதுதான்.

கட்டார், சவூதியில் இருந்து வருகிறவர்கள் தோளில் சுமந்து வருகிற அந்தப் பெரிய பூப்போட்ட போர்வையும் கம்பளி இல்லை. ‘மின்க்’ என்று பெயர் போட்டிருக்கும். மின்க் என்ற பிராணிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொலியெஸ்டர், இல்லாவிட்டால் அக்ரிலிக். சிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு அலுமாரிக்கு மேலே ஏறினால் விருந்தாளி வந்தால்தான் இறங்கும். குறை சொல்லவில்லை. கழுவ லேசு, பூச்சி தின்னாது, விலையும் கட்டும். ஆனால் கம்பளி என்று நினைத்துக் கம்பளி விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் உண்மையான கம்பளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உள்பக்கத் தையலில் இருக்கும் லேபலைப் பாருங்கள். முன்பக்கம் தொங்கும் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் சின்ன வெள்ளை நாடாதான் சாட்சி. நூற்றுக்கு எத்தனை வீதம் வூல், எத்தனை வீதம் அக்ரிலிக் என்று அதில் இருக்கும். ‘வூல் டச்’, ‘வூல் லைக்’ என்ற சொற்கள் இருந்தால் அது கம்பளி இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சுருட்டிய நூல்பந்து வடிவத்தில் ‘வூல்மார்க்’ முத்திரை ஒன்று உண்டு. 1964 முதல் இருக்கிறது, ஆனால் அதையும் கள்ளமாக அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

லேபல் இல்லாவிட்டால் நெருப்புதான். உள்தையலில் இருந்து ஒரே ஒரு நூலை இழுத்து எடுங்கள். குறட்டால் பிடித்து, கீழே ஒரு பீங்கான் கோப்பை வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும். நெருப்பை எடுத்தால் தானாகவே அணையும். மணம் உங்களுக்குத் தெரிந்த மணம்தான்: அடுப்பை ஊதும்போது முன்மயிர் கருகினால் வருமே, அதே. மிஞ்சுகிற கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் அப்படியில்லை, உருகிச் சொட்டும்; ஆறிய பிறகு கறுப்பு மணி போல ஒன்று கட்டியாக நிற்கும், நகத்தால் உடைக்க முடியாது. பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணமும் சாம்பலும்.

ஒரு எச்சரிக்கை. பட்டும் மயிர் கருகின மணம்தான் தரும். இரண்டுமே புரதம். ஆகவே மூக்கை மட்டும் நம்பவேண்டாம். இன்னொன்று, சாமானை வாங்கின பிறகு வீட்டில் செய்யுங்கள். ஒருவர் என் கடையிலேயே லைட்டரை எடுத்தார்.

எங்கள் ஊர்ச் செம்மறியில் ஏன் கம்பளி இல்லை?

நத்தார் காலத்தில் பாலன் குடில் கட்டுகிற பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. குடிலுக்குள் வைக்கிற செம்மறிக்குப் பஞ்சு ஒட்டிப் புசுபுசு என்று ஆக்குவார்கள். வெளியே றோட்டில் நிற்கிற செம்மறியோ வெள்ளாட்டைப் போல வழுவழு என்று இருக்கும். வாலைப் பார்த்துத்தான் எது செம்மறி என்று சொல்லவேண்டும். வெள்ளாட்டுக்கு வால் மேலே நிமிரும், செம்மறிக்குக் கீழே தொங்கும்.

ஆதியில் எல்லாச் செம்மறியும் இப்படித்தான் இருந்தது. காட்டுச் செம்மறிக்கு வெளியே முரட்டு மயிர், உள்ளே மெல்லிய அடிமயிர், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை தானாக உதிரும். மேற்காசியாவில் ஏறத்தாழ 10,000 வருடங்களுக்கு முன்பு மனிதன் செம்மறியை வீட்டுக்குக் கொண்டுவந்தது இறைச்சிக்கும் தோலுக்கும்தான். பல ஆயிரம் வருடம் கழித்துத்தான் அடிமயிர் கூடின ஆட்டையே திரும்பத் திரும்பப் பொலிய விட்டு, முரட்டு மயிரைக் குறைத்து, உதிராத கம்பளியை உண்டாக்கினார்கள். அதாவது கம்பளி ஆடு மனிதன் செய்த ஆடு. வெயிலும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் அந்தப் பாரம் ஆட்டுக்கே கேடு: சூடு தாங்காது, நனைந்த கம்பளிக்குள் ஈ முட்டையிடும். அதனால்தான் யாழ்ப்பாணப் பக்கத்து நாட்டுச் செம்மறியும் தென்னிந்தியாவின் மேச்சேரி ஆடும் மயிர் ஆடுகளாகவே நின்றுவிட்டன. அதே தென்னிந்தியாவில் நீலகிரிக் குளிரில் நல்ல மெல்லிய கம்பளி தரும் ஆட்டினம் இருக்கிறது. இடம்தான் விஷயம்.

வெள்ளாட்டு மயிரை வெட்டி விற்கலாமா?

காரைதீவில் இருந்து ஒருவர் பைக்குள் போட்டுக் கொண்டே வந்துவிட்டார். அவருக்குச் சொன்னதுதான் எல்லாருக்கும்: வாங்க ஆள் இல்லை. எங்கள் வெள்ளாட்டின் வெளிமயிர் முரடு. நூலாக முறுக்கினாலும் கயிறு, சாக்கு அளவில்தான் நிற்கும். அரபு நாட்டில் வேலை செய்தவர்கள் பாலைவனத்தில் கறுப்புக் கூடாரம் பார்த்திருப்பீர்கள். அது பரம்பரையாக வெள்ளாட்டு மயிரில் நெய்வது. மழை பட்டால் இழை ஊதித் துவாரத்தை அடைக்கும், வெயிலில் சுருங்கிக் காற்று விடும். அந்த வேலைக்கு அது சரி, உடம்பில் போட அல்ல.

காஷ்மீர், பஷ்மினா என்று விலை சொல்கிறார்களே, அது என்ன ஆடு?

வெள்ளாடுதான். ஆனால் லடாக், திபெத், மொங்கோலியா மாதிரி எலும்பு உறையும் குளிரில் வளர்கிற வெள்ளாடு. அந்தக் குளிருக்கு முரட்டு மயிரின் அடியில் மெல்லிய பூமயிர் ஒன்று வளரும்; இளவேனிலில் அது கழலும்போது சீப்பால் வாரி எடுப்பார்கள். ஒரு ஆட்டுக்கு வருடத்துக்கு 150 முதல் 200 கிராம். ஒரு சுவெட்டருக்கு மூன்று நான்கு ஆட்டின் ஒரு வருட உழைப்பு வேண்டும். லடாக்கின் சாங்தாங் மேட்டில் இருந்து வரும் மெல்லிய ரகம்தான் பஷ்மினா. 12 முதல் 16 மைக்ரோன் தடிப்பு. மைக்ரோன் என்றால் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் தலைமயிரில் நாலில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் குறைவு.

இந்தப் பூமயிருக்காகப் படையெடுப்பே நடந்திருக்கிறது. 1841இல் ஜம்முவின் தளபதி சோராவர் சிங் மேற்குத் திபெத்துக்குள் நுழைந்ததற்குச் சால்வைக் கம்பளி வியாபாரமும் ஒரு காரணம். 1846இல் ஆங்கிலேயர் காஷ்மீரை ஜம்மு அரசர் குலாப் சிங்குக்கு எழுதிக்கொடுத்தபோது, வருடா வருடம் அவர் கொடுக்கவேண்டிய காணிக்கை என்று அமிர்தசரஸ் ஒப்பந்தத்தில் எழுதினது என்ன தெரியுமா? ஒரு குதிரை, ஆறு கிடாயும் ஆறு பெட்டையுமாகப் பன்னிரண்டு சால்வை ஆடு, மூன்று சோடி காஷ்மீர்ச் சால்வை. ஒரு நாட்டின் குத்தகை ஆட்டுக் கணக்கில்.

சேலைக் கரையில் மாங்காய் டிசைன் கேட்பீர்களே, அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘பெய்ஸ்லி’. ஸ்கொட்லாந்தில் இருக்கிற ஒரு ஊரின் பெயர் அது. காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து அந்த ஊர்த் தறிகளில் மலிவாகப் போட்டுத் தள்ளினார்கள், பெயரும் அந்த ஊருக்கே போய்விட்டது.

ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்கு ‘பஷ்மினா’ கிடைத்தால் அது விஸ்கோஸ், மரக்கூழில் இருந்து செய்யும் இழை. தொட்டால் வழுக்கும், பாரமாகத் தொங்கும். அழகான துண்டுதான், அதற்கு அந்த விலை போதும்.

வேறு எந்தெந்தப் பிராணிகளில் இருந்து எடுக்கிறார்கள்?

மொஹேயார் என்பது அங்கோரா வெள்ளாட்டின் பளபளப்பான நீண்ட மயிர். அங்கோரா என்றால் துருக்கியின் அங்காரா. அதே பெயரில் ‘அங்கோரா வூல்’ என்று விற்பது முயல் மயிர். ஒரே பெயரில் இரண்டு பிராணி, வியாபாரிகளுக்கு வசதி. தென்னமெரிக்க மலைகளில் அல்பாக்கா, விக்கூன்யா. விக்கூன்யாவின் இழை ஏறத்தாழ 12 மைக்ரோன். இன்கா அரசர் காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது. ஒட்டக மயிர் என்று கேட்டு வருகிறவர்கள் சவூதி ஒட்டகத்தை நினைக்கிறார்கள். நல்ல மயிர் தருவது மொங்கோலியா, சீனப் பக்கத்து இரட்டைத் திமில் ஒட்டகம்.

‘ஷாதூஷ்’ என்று யாராவது காதில் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். திபெத்திய மானின் மயிர் அது. அந்த மானை வாரவோ கத்தரிக்கவோ முடியாது, கொன்றுதான் எடுப்பார்கள். உலகம் முழுக்க வியாபாரம் தடை.

கம்பளி எடுக்க ஆட்டைக் கொல்கிறார்களா? நாங்கள் சைவம்.

இல்லை. மயிர் வெட்டுகிற மாதிரித்தான். கையில் பழக்கம் உள்ளவர் ஆட்டைப் பின்காலில் இருத்தி, முழங்காலால் இறுக்கிப் பிடித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் வயிற்றில் தொடங்கி முதுகு வரை மெசினால் வழித்துவிடுவார். கம்பளி துண்டு துண்டாக விழாது, பாய் சுருட்டினதுபோல் ஒரே விரிப்பாகக் கழரும். மெல்லிய கம்பளிக்குப் பேர்போன மெரினோ என்ற இனத்தில் ஒரு ஆட்டுக்கு நாலைந்து கிலோ வரும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வியர்வை, மண், கொழுப்பு, கழுவினால் போய்விடும். அந்தக் கொழுப்பையும் வீணாக்குவதில்லை. லனோலின் என்று உதட்டுப் பூச்சு, தோல் கிறீம் எல்லாவற்றிலும் இருக்கிறது. டொக்டர் எழுதிக்கொடுக்கும் விற்றமின் டி3 குளிசையும் பெரும்பாலும் லனோலினில் இருந்துதான் செய்யப்படுகிறது. சைவக்காரர் அதையும் கணக்கில் எடுங்கள்.

வெட்டாமல் விட்டால் அதுதான் கொடுமை. 2015இல் அவுஸ்திரேலியாவில் கன்பராவுக்குக் கிட்ட, மந்தையில் இருந்து தப்பிப்போன ஒரு மெரினோவைப் பிடித்தார்கள். பல வருடம் வெட்டாததால் நடக்கவே மாட்டாமல் நின்றது. வெட்டி எடுத்தது 41.1 கிலோ.

அதற்காக எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. ஈ முட்டையிடாமல் இருக்க ஆட்டின் பின்பக்கத் தோல் மடிப்பை வெட்டி எடுக்கும் ‘மியூல்சிங்’ என்ற வழக்கம் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. நியூசிலாந்து 2018இல் தடை செய்துவிட்டது. மனம் கேட்காதவர்கள் லேபலில் ‘நொன் மியூல்ஸ்ட்’ என்று தேடி வாங்கலாம். சில நாடுகளில் அறுத்த ஆட்டின் தோலில் இருந்து பிடுங்கும் கம்பளியும் உண்டு.

உலக வியாபாரத்தில் கம்பளி அவ்வளவு பெரிய சாமானா?

இன்றைக்கு இல்லை. உலகத்தில் உற்பத்தியாகும் இழைகளில் நூற்றுக்கு ஒரு வீதம் அளவுதான். ஆனால் ஒரு காலத்தில் எங்களுக்கு நெல் மாதிரி, சில நாடுகளுக்கு அதுதான் அரசாங்கம்.

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் சபாநாயகர் இருக்கிற ஆசனம் ஒரு சிவப்பு மெத்தை. பெயரே ‘கம்பளிச் சாக்கு’. நாட்டின் செல்வம் எதில் இருந்து வருகிறது என்று நினைவூட்ட 14ஆம் நூற்றாண்டிலேயே கம்பளி மூட்டையைப் போட்டு அதன்மேல் இருத்தினார்கள். ஆங்கிலேயரின் கம்பளி பெல்ஜியப் பக்கத் தறிகளுக்கும் இத்தாலியின் புளோரன்சுக்கும் போனது. 1363 முதல் ஏற்றுமதியில் பெரும்பகுதி கலே துறைமுகம் வழியாகத்தான், வரி அங்கேயே கழியும். பகிடி என்னவென்றால், 1938இல் அந்த ஆசனத்தைத் திருத்தப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது குதிரை மயிர். பிறகு பல நாடுகளில் இருந்து உண்மையான கம்பளி எடுத்து நிரப்பினார்கள். பாராளுமன்றத்திலேயே அப்படி என்றால் என் கடையைக் குறை சொல்லி என்ன?

மெல்லிய மெரினோ ஸ்பெயினின் சொத்து. 1273இல் அரசர் பத்தாம் அல்போன்சோ இடையர் சங்கத்துக்கு உரிமை எழுதிக்கொடுத்தார், மந்தை போகிற வழியில் வேலி போடமுடியாது. 18ஆம் நூற்றாண்டு வரை உயிருள்ள மெரினோவை வெளியே விடவே இல்லை. விட்டபிறகு, தென்னாபிரிக்கா வழியாக 1797இல் சில ஆடுகள் அவுஸ்திரேலியாவில் இறங்கின. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உடுப்புக்கு ஏற்ற கம்பளியில் இன்றும் அவுஸ்திரேலியாதான் முதல், அதில் பெரும்பங்கை வாங்கி நூற்பது சீனா. நியூசிலாந்துக் கம்பளி தடிப்பு, அது கூடுதலாகக் கம்பளத்துக்குப் போகும்.

இதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தொடர்பும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்ற தொடர்பு.

கம்பளி எங்களுக்குப் புதுச் சாமான் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் ‘பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்’ நெய்கிறவர்கள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பழைய தமிழில் கம்பளிக்கு மயிர் என்றே பெயர். இருந்தாலும் எங்கள் கை பருத்திக் கைதான். மருதமுனைத் தறியைப் பாருங்கள்: சாரம், சேலை, எல்லாம் பருத்தி.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கொம்பனி கப்பலில் வந்தபோது விற்கக் கொண்டுவந்தது என்ன? கம்பளித் துணி. ‘சகலாத்து’ என்று பழைய தமிழில் அதற்குப் பெயரும் உண்டு. சென்னை வெயிலில் சகலாத்து யார் உடுப்பார்? அரண்மனைக்குக் கொஞ்சம், யானைக்குப் போர்த்தக் கொஞ்சம். கம்பளி விலைப்படாததால் வெள்ளிக்காசைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து எங்கள் பக்கப் பருத்தியை வாங்கினார்கள். அந்தப் பருத்தி லண்டனில் இறங்கினதும் அங்கே எல்லாரும் கம்பளியைக் கழற்றிவிட்டுச் சீத்தை உடுக்கத் தொடங்கினார்கள். கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் தெருவுக்கு இறங்கினார்கள். 1700இல் இந்தியா, பாரசீகம், சீனத்தின் அச்சடித்த துணிகளை இறக்கத் தடைச்சட்டம். அதுவும் போதாமல் 1721இல் உடுக்கவே தடை. 1774இல்தான் எடுத்தார்கள்.

அதற்கு முன்பே, 1660களிலும் 1670களிலும், இறந்தவரைக் கம்பளித் துணியில் சுற்றித்தான் அடக்கவேண்டும் என்று சட்டம் போட்ட நாடு அது. மீறினால் ஐந்து பவுண் குற்றம். எங்களிடம் கோடித்துணி என்றாலும் கபன் என்றாலும் வெள்ளைப் பருத்திதான், அதற்கு யாரும் சட்டம் போடவில்லை. அங்கே ஆட்டுக்காரரைக் காப்பாற்றச் செத்தவரையும் விடவில்லை.

கம்பளிக்கு ஒரு காலத்தில் தங்க விலை இருந்ததாமே?

1950–51இல். கொரியப் போர் தொடங்கினதும் இராணுவ உடுப்புக்கு அமெரிக்கா கம்பளியைக் குவிக்கப் பார்த்தது. அவுஸ்திரேலிய ஏலத்தில் ‘றாத்தலுக்கு ஒரு பவுண்’ என்று பேச்சு வழக்கே வந்தது. ஒரு றாத்தல் பாண் கணக்கில் நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்காரர்கள் புதுக் கார் வாங்கி மந்தை மேய்த்தார்கள். அடுத்த வருடமே விலை இறங்கிவிட்டது.

பிறகு நடந்தது அம்பாறை விவசாயிக்கு நன்றாக விளங்கும். நெல்லுக்கு உத்தரவாத விலை மாதிரி, அவுஸ்திரேலியாவில் கம்பளிக்கு அடிவிலை வைத்தார்கள். அதற்குக் கீழே ஏலம் போனால் கம்பளிச் சபையே வாங்கிக் களஞ்சியத்தில் போடும். 1980களின் கடைசியில் அந்த அடிவிலையை உயர உயர ஏற்றினார்கள். ஏற்றினதும் எல்லாரும் ஆட்டைப் பெருக்கினார்கள். அந்த நேரம் பார்த்துச் சோவியத் ஒன்றியமும் சீனாவும் வாங்குவதைக் குறைத்தன. களஞ்சியம் நிரம்பியது: 47 இலட்சம் பொதி. 1991 பெப்ரவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். விலையில்லாத ஆடுகளை இலட்சக்கணக்கில் சுட்டுக் குழியில் போட்டார்கள். குவித்த கம்பளியை விற்று முடிக்க 2001 ஆனது.

நெல் விலை பற்றிக் கடையில் யாராவது பேச்சு எடுத்தால் நான் இந்தக் கதையைச் சொல்வேன். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். உத்தரவாத விலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த அளவில் வைக்கிறது, யார் வாங்கப்போகிறார் என்று பார்க்காமல் வைக்கக்கூடாது என்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து வந்த சுவெட்டர் கழுவினதும் சின்னதாகிப்போச்சு. ஏன்?

எங்கள் வீட்டிலும் நடந்தது. லண்டனில் இருந்து மாமி அப்பாவுக்கு ஒரு சாம்பல் நிறச் சுவெட்டர் அனுப்பினா. அசல் கம்பளி. அம்மா அதைச் சுடுதண்ணியில் ஊறவைத்து, பார் சவர்க்காரம் போட்டு, கல்லில் நாலு அடி அடித்து, பிழிந்து கொடியில் போட்டா. காய்ந்தபிறகு அது ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவாக இருந்தது, அட்டை மாதிரி விறைத்து. மாமிக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

கம்பளி இழையைப் பெருப்பித்துப் பார்த்தால் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும், எல்லாம் நுனியைப் பார்த்தபடி. சூட்டிலும் சவர்க்காரத்திலும் செதில் விரிகிறது. அடிக்கும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று முன்னால் நகரும், செதில் மாட்டிக்கொள்வதால் திரும்பி வரமுடியாது. அப்படியே இறுகிவிடும். இறுகினது இறுகினதுதான், இழுத்தாலும் வராது.

இதே குணத்தை வேண்டுமென்றே செய்தால் அதுதான் ஃபெல்ட். எங்கள் மூத்தவர்கள் போட்ட சிவப்புத் துருக்கித் தொப்பி அப்படி இறுக்கின கம்பளி. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்று தடுத்து, இலங்கை முஸ்லிம்கள் எல்லாரும் சேர்ந்து குரல் எழுப்பின கதை தெரிந்திருக்கும். அந்தத் தொப்பியும் அப்பாவின் சுவெட்டரும் ஒரே வேலையில் உருவானவை.

கழுவும் முறை: பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு. மயிருக்குப் போடுகிற ஷாம்பு, ஏனென்றால் அதுவும் மயிர்தான். கசக்காமல் அமத்தி எடுங்கள், துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றுங்கள், பாயில் நிழலில் விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்கால் வரை நீளும். வெளுக்கும் திரவம் படவே கூடாது. கம்பளி அதில் கரைந்தே போகும்.

கம்பளி போட்டால் கடிக்கிறது. அலர்ஜியா?

பெரும்பாலும் தடிப்புத்தான் காரணம். 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட இழையின் நுனி வளையாமல் தோலைக் குத்தும். 19க்குக் கீழே இருக்கிற மெரினோ தோலில் பட்டால் வளைந்துவிடும், கடிக்காது. தடிப்புக் கம்பளி என்றால் உள்ளே ஒரு பருத்தி பெனியன் போடுங்கள், பிரச்சினை முடிந்தது.

கல்யாணக் கோட் துணியில் ‘சுப்பர் 120’ என்று போட்டிருக்கிறதே?

அசல் கம்பளியில் அந்த எண் இழையின் மெல்லிசைச் சொல்வது. சுப்பர் 100 என்றால் 18.75 மைக்ரோனுக்குள், 120 என்றால் 17.75க்குள். எண் கூடக் கூட மெலிவு, மெலிவு கூடக் கூட நாள்படத் தாங்குவது குறைவு. எங்கள் பக்கம் கோட் தைக்கிற துணியில் பெரும்பகுதி பொலியெஸ்டரும் விஸ்கோசும் கலந்தது. அதன் கரையில் சுப்பர் 120 என்ன, 200 என்றும் அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பு மண்டபத்தில் ஆடி மாதம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு எதுவாக இருந்தாலும் வியர்க்கத்தான் போகிறது.

கனடாவுக்குப் போகிற பிள்ளைக்கு இங்கே கம்பளி வாங்கி அனுப்பவா?

ஒரு தாய் கேட்டா, “மனே, எல்லாத்தையும் இஞ்சயே வாங்கிக் குடுத்திருவமா?” வேண்டாம் என்று சொன்னேன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை. விமானத்தால் இறங்கி வீடு போகும்வரை தாங்குகிற ஒரு ஜக்கெட், இரண்டு சோடி தடித்த மேசு, ஒரு தொப்பி போதும். மிச்சம் அங்கே போய், அந்தக் குளிரைப் பார்த்து வாங்கட்டும்.

அங்கே வாங்கும்போது உடம்போடு ஒட்டுகிற உள்ளுடுப்பைக் கம்பளியில் வாங்கச் சொல்லுங்கள். பருத்தி பெனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கொண்டு நிற்கும், குளிர் ஏறும். கம்பளி தன் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் எடுத்தும் ஈரம் தெரியாது. உறிஞ்சும்போது கொஞ்சம் சூடும் விடும். நாற்றமும் லேசில் பிடிக்காது.

விரதத்துக்கும் தொழுகைக்கும் கம்பளி ஆகுமா?

நான் புடவைக்காரன். ஐயரையும் மௌலவியையும் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, பூசைக்குக் கம்பளி ஆசனம் விரிப்பது பழைய வழக்கம். குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் பிராணிகளின் கம்பளியையும் உரோமத்தையும் மயிரையும் அருட்கொடையாகச் சொல்கிறது. ‘சூஃபி’ என்ற சொல்லே கம்பளியைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘சூஃப்’இல் இருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலானோர் சொல்வது. முரட்டுக் கம்பளி ஏழையின் உடுப்பு.

கண்ணாடி வூல், கொட்டன் வூல்?

பெயர் மட்டும். ஒன்று கண்ணாடி இழை, மற்றது பஞ்சு.

பூச்சி அரித்துவிடுகிறது. எப்படி வைப்பது?

அந்துப்பூச்சி அரிப்பதில்லை, அதன் புழுதான் அரிக்கும். அதற்குக் கம்பளியின் புரதம் சாப்பாடு. வியர்வையும் கறிக்குழம்பும் பட்ட இடம் என்றால் இன்னும் விருப்பம். ஆகவே கழுவாமல் மடித்து வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்தபிறகு பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பூச்சியைவிடப் பூஞ்சணம்தான் முந்தும், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள். பூச்சி உருண்டை போட்டால் துணியில் முட்டாமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஏற்கெனவே துவாரம் விழத் தொடங்கிவிட்டது என்றால் பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டி, பிரிட்ஜின் ஐஸ் தட்டில் ஒரு கிழமை. முட்டையும் புழுவும் செத்துவிடும். வீட்டில் மீன் வைக்கிற தட்டு என்றால் இரண்டு பை கட்டுங்கள். சூரை மணத்தோடு ஒரு சால்வை என் கடைக்கு வந்தது, திருத்தித் தரச்சொல்லி.